சாட்சியாக வைத்த பாட்டில்

என் மேசைமேல் ஒரு பீர் பாட்டில் இருக்கிறது. மூடி திறக்காத பாட்டில். முந்தாநாள்தான் கைக்கு வந்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டி அதில் உன் கையெழுத்து: ‘சாட்சி. யாரும் தொடக் கூடாது.’ சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் கரும்புச்சாறு மாதிரிகளுக்கு நாங்கள் ஒட்டுகிற பட்டை அது. என் மேசையிலிருந்து ஒரு சுருள் காணாமல் போனபோது நான் எலியைச் சந்தேகப்பட்டேன்.

அதிர்ச்சி என்று நம்மிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. மின்கம்பியைத் தொட்டவனுக்கும் அதுதான், தக்காளி விலை கேட்டவனுக்கும் அதுதான். இந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்பதற்கு வேறு சொல் தேடுகிறேன். கிடைக்கவில்லை. எழுதுகிறவனுக்குச் சொல் கிடைக்காமல் போவதை நீ ரசித்திருப்பாய்.

பாட்டிலின் மறுபக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பகுதியும் அதில் உண்டு.

தியாகதுருகத்தில் கோட்டைமலை நிழல் விழுகிற பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நீ பெங்களூருக்கு மென்பொருள் எழுதப் போனாய். நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலையில் சாற்றின் சர்க்கரையை அளக்கப் போனேன். இருபது வருடம் கழித்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உன் அலுவலகம் சொன்னதும், மூன்று திரைகளையும் ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்தாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த முதல் வாரம் என்னிடம் கேட்டாய், “இங்க நல்ல பீரு எங்கடா கிடைக்கும்?”

அரசாங்கக் கடையைக் காட்டினேன். சாக்கடையைக் காட்டியதுபோல என்னைப் பார்த்தாய்.

“அது பீரு இல்லடா. ஜில்லுனு இருக்கற வரைக்கும்தான் அதுக்கு மரியாதை. கொஞ்சம் சூடாவட்டும், உண்மைய கக்கிடும்.”

அன்றுதான் தெரிந்தது, பீர் விஷயத்தில் நீ ஒரு கட்சி. பெங்களூரில் உங்களுக்கு ஒரு குழு இருந்தது, பதினொரு பேர். சின்னக் கொட்டகையில் ஒருவர் தன் கையால் காய்ச்சி வடித்தால் அது பீர். ஊருக்கு ஊர் ஆலை வைத்து லாரி லாரியாக அனுப்பினால் அது பீர் வண்ணத்தில் இருக்கும் ஒரு திரவம். அப்படிச் செய்கிறவர்களை நீ ‘ஆலைக்காரன்’ என்றாய், முகத்தில் சுளிப்போடு. எதிரில் உட்கார்ந்திருந்தவன் ஆலைக்காரன் என்பது அந்த நேரத்தில் உனக்கு ஞாபகம் இல்லை.

கள்ளக்குறிச்சிக் கிளையையும் தொடங்கினாய். உறுப்பினர் மூன்று பேர். நீ, நான், ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்து “மிச்சரு இல்லிங்களா?” என்று கேட்டுவிட்டுப் போன கால்நடை மருத்துவர்.

கூட்டத்தின் முதல் விதியை என் கைபிடித்துப் பழக்கினாய். “பேரைப் பாக்காத. படத்தைப் பாக்காத. பாட்டிலு கைக்கு வந்ததும் தேதியப் பாரு. பீரு பாலு மாதிரிடா. என்னிக்கு அடைச்சாங்கன்னு தெரியாம வாய் வெக்கறவன் நாக்கு வெச்சிக்கவே லாயக்கில்ல.” பிறகு மூடி திறக்கும் சத்தத்தைக் கேட்பாய். நுரையை முகர்வாய். வெளிச்சத்தில் பிடிப்பாய். ஆரஞ்சுத் தோல், ஈரமண், சுட்ட ரொட்டி என்று எழுதிக்கொள்வாய். குடிப்பது கடைசியில்தான் வரும். அதற்கும் குடிப்பது என்ற சொல் கூடாது.

“குடிச்சியாடா?” என்று மாடிப்படியின் கீழிருந்து அம்மா கேட்பார்.

“ருசி பாத்தேம்மா.”

“ருசி பாத்ததுக்கு கண்ணு ஏன்டா செவந்துகினு இருக்குது?”

நான் ஒருநாள் மடக்கப் பார்த்தேன். நீ வேலை பார்ப்பது நாலு கண்டத்தில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி. உன் பற்பசை, செருப்பு, செல்போன், உன் அம்மா போட்டுக்கொள்ளும் தைலம் எல்லாம் பெரிய கம்பெனி. பீர் மட்டும் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

“எல்லாத்துலயும் தோத்துட்டோம்டா. ஒண்ணே ஒண்ணுலயாவது நின்னு பாக்கறேன். வுடேன்.”

 

உன் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது உன் தங்கை அஞ்சலை. உன்னைவிட எட்டு வயது சின்னவள். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஓசூர் தாண்டி ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பீர் காய்ச்சினாள். நம் மாவட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ‘காய்ச்சுகிறாள்’ என்று சொன்னால் கேட்கிறவர் முகம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அதனால் அம்மா, “பொண்ணு அங்க ஜூஸு கம்பெனி வெச்சிருக்குது” என்றே ஏழு வருடம் சொல்லிவந்தார். அஞ்சலையை எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஜூஸ்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் உண்மை தெரியும். அவரும் அந்த ஜூஸை விரும்பினார்.

அவள் பீரில் சாமை சேர்த்தது உன் யோசனை. கல்வராயன் மலைச் சாமை. வருடத்துக்கு இரண்டு முறை நாம் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வெள்ளிமலைக்கு அப்பால் சடையன் என்ற விவசாயியிடம் வாங்கி வருவோம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி முகர்வாய். சடையன் என்னைப் பார்ப்பார். நான் மலையைப் பார்ப்பேன்.

ஒருமுறை அவருக்கும் ஒரு பாட்டில் கொண்டு வந்தாய். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

“எப்படி இருக்குதுங்க?” என்றாய், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன்போல.

“சாமைய சோறாக்கினா நல்லா இருக்கும் சார்,” என்றார்.

திரும்பி இறங்கும்போது நான் பன்னிரண்டாவது வளைவுவரை சிரித்தேன். நீயும் சிரித்தாய். ‘அவரு நாக்கு சுத்தமான நாக்குடா’ என்று அதிலும் ஒரு பெருமை கண்டுபிடித்தாய்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. ஆலை வாசலுக்கு வந்து நின்றாய். வெல்லப்பாகு வாசனையில் சாதாரணமாக மூக்கைச் சுருக்குகிறவன், அன்று சுருக்கவில்லை.

“அஞ்சல வித்துட்டாடா.”

“இன்னாத்த? நிலத்தையா?”

“நிலத்த வித்திருந்தா பரவால்லையே! கொட்டாயடா. பேரு, லேபிலு, பீரு எல்லாத்தையும். ஆலைக்காரனுக்கு.”

நாடு முழுக்கக் கடை விரித்திருந்த ஒரு பெரிய பீர் கம்பெனி வாங்கியிருந்தது. அஞ்சலை அங்கேயே சம்பளத்துக்கு இருப்பாள், லேபிளில் அதே படம் இருக்கும். உனக்கு அதுதான் ஆகவில்லை. “தோல மட்டும் வெச்சிக்கினு உள்ள வேற ஆள உட்கார வெப்பானுவ” என்றாய்.  உங்கள் அப்பா செத்த அன்றுகூட உன்னை நான் இப்படிப் பார்த்ததில்லை.

அம்மா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். “பெரிய இடமாடா? நல்லா வெச்சிப்பாங்களா?” என்று உன்னிடம் கேட்டார். நீ சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாய்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு பகல் என்னை வரச் சொன்னாய். பெங்களூரு போன இடத்தில் கடையில் வாங்கிய இரண்டு பாட்டில்களை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மேசைமேல் வைத்திருந்தாய். பிரேதப் பரிசோதனைக்கு வந்த வைத்தியர்போல உட்கார்ந்தாய். ஒன்றைத் திறந்தாய். முகர்ந்தாய். ஒரு வாய் வைத்தாய். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“போச்சு. சோளம்டா. சாமைய எடுத்துட்டு சோளம் போட்டிருக்கான். பின்னாடியே ஒரு தகர வாடை வருது பாரு. இதான் கம்பெனி வாடை.”

நானும் குடித்தேன். “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலடா. எப்பவும் போலதான் இருக்குது.”

“உன் நாக்க சக்கரை ஆலையில அடமானம் வெச்சிட்ட. நீ பேசாத.”

அப்போதே அஞ்சலைக்குப் போன் போட்டாய். சத்தமாக வைத்திருந்தாய், நானும் கேட்கட்டும் என்று. பின்னால் தண்ணீர் பீய்ச்சும் ஓசை.

“சொல்லுண்ணா.”

“குடிச்சேன்.”

ருசி பார்த்தேன் என்று நீ சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

“எப்படிண்ணா இருக்குது?”

“சோளம் போட்டிருக்கீங்க.”

“சோளமா? யாருண்ணா போட்டது? நீ எப்ப வாங்கின—”

“எப்ப வாங்கினா இன்னா? என் நாக்குக்குத் தெரியாதா? இதுக்குத்தான் மலையேறி மலையேறி மூட்ட தூக்கினேனா?”

“வருசத்துக்கு ரெண்டு தரம் தூக்கினண்ணா. நான் தெனம் தூக்கறேன்.” அவள் குரல் உயரவில்லை. “ஏழு வருசமா என் காலு ஈரம் காயல. பூட்ஸுக்குள்ள தண்ணி, தரை பூரா தண்ணி. உங்க குரூப்புல ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?”

“நல்ல பூட்ஸா வாங்கிக்க வேண்டியதுதானே. இதுக்காகவா விப்பாங்க?”

அந்தப் பக்கம் தண்ணீர் ஓசை நின்றது. நீ சொன்னாய், “இனிமே எனக்குப் போன் பண்ணாத. எனக்குத் தங்கச்சி இல்ல.”

நம் பக்கத்தில் அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோவது புதிதல்ல. வரப்புக்காக நிற்கும், கிணற்றுத் தண்ணீருக்காக நிற்கும், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக நிற்கும். பீரில் சோளம் இருந்ததற்காக நின்றது, எனக்குத் தெரிந்து, உங்கள் வீட்டில்தான்.

பெங்களூருக் குழுவும் அந்த வாரம் அதே கடையில் வாங்கிக் குடித்தது. பதினொரு பேருக்கும் சோளம் தெரிந்தது. ஒருவருக்கு அட்டைப்பெட்டி வாசனையும், இன்னொருவருக்கு ‘ஆன்மா இல்லாத பின்சுவை’யும். அவற்றை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய், நீதிமன்றத் தீர்ப்புபோல. குடிக்காத இரண்டாவது பாட்டிலில் பட்டை ஒட்டிச் சாட்சியாகக் குளிர்பெட்டியில் வைத்தாய்.

காலியான முதல் பாட்டிலை நான் எடுத்துப் போனேன். ஆய்வகத்தில் சாறு பிடித்துவைக்க நல்ல பழுப்புக் கண்ணாடி. மறுநாள் காலை குழாயடியில் கழுவும்போது லேபிளின் ஓரத்தில் அச்சடித்த தேதி கண்ணில் பட்டது.

கையில் இருந்த பிரஷைக் கீழே போட்டுவிட்டேன். கொட்டகை கைமாறுவதற்கு நாலு மாதம் முன்பு அடைத்த பாட்டில். அஞ்சலை தன் கையால் காய்ச்சியது. சடையனின் சாமை, நாம் பன்னிரண்டு வளைவு இறக்கிக் கொண்டுவந்த மூட்டை. ஆலைக்காரன் அதன் பக்கம்கூட வந்ததில்லை.

முதல் விதியை வகுத்தவன் தேதி பார்க்கவில்லை. பதினொரு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. செய்தியைக் கேட்டாயிற்று, இனி லேபிளில் படிக்க என்ன இருக்கிறது? இல்லாத சோளத்தை எல்லோருடைய நாக்கும் கண்டுபிடித்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள். சிரிப்புதான் முதலில் வந்தது.

அப்போதே உன் வீட்டுக்கு வண்டியை விட்டிருந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். வண்டியை விடவில்லை. மாதம் ஒருமுறை சிறு பத்திரிகையில் கேலிக் கட்டுரை எழுதுகிறவன் நான். இப்படி ஒன்று வாழ்க்கையில் ஒருமுறைதான் கையில் வந்து விழும். எழுதி, அச்சாகி, அந்த இதழை உன் கையில் கொடுத்து, நீ கடைசி வரிக்கு வரும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். தேதி இருந்த லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, ஒரு அகராதிக்குள் வைத்தேன்.

அடுத்த மாதம் அம்மா ஆலைக் குடியிருப்புக்கு என் வீடு தேடி வந்தார். பேருந்தில் வந்து, வெயிலில் நடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் பேச்சை எடுத்தார்.

“அஞ்சல புள்ளைக்கு காது குத்தணும்பா. மாப்ள வூட்டுக் கோயில்ல. நாளு பாத்தாச்சு, ஆசாரிக்கு சொல்லியாச்சு, கெடா பாத்தாச்சு. மடிதான் இல்ல.”

மடி என்றால் தாய்மாமன் மடி. குழந்தை வேறெங்கே உட்கார்ந்தாலும் ஊசி இறங்கும், ஆனால் அது காதுகுத்து ஆகாது.

“அவன் வர மாட்டன்றான். நீ சொன்னா கேப்பான். ரெண்டும் குடிதானேடா, இதுல இன்னாடா நல்ல குடி கெட்ட குடின்னு கேட்டா, உனக்குப் புரியாதும்மான்றான். எனக்குப் புரிய வாணாம்பா. அவன் வந்து உட்கார்ந்தா போதும்.”

அகராதி நாலடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. எடுத்து அம்மா கையில் கொடுத்திருக்கலாம். “நான் பேசறேம்மா” என்றேன்.

பேசினேன். எப்படிப் பேசினேன் என்று உனக்குத் தெரியும். “போயிட்டு வாயேன்டா” என்றேன், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

“அந்தக் காது ஆலைக்காரன் காசுல குத்தற காது. அதுக்கு என் மடி எதுக்கு?” என்றாய்.

அதோடு விட்டேன். சொல்லியிருந்தால் நீ அன்றே கிளம்பியிருப்பாய். சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: கட்டுரையின் மூன்றாவது பத்தி சரியாக வரவில்லை. இதை எழுதிப் பார்க்கும்போதுதான் இது எப்படிப்பட்ட காரணம் என்று தெரிகிறது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று காதுகுத்தைத் தள்ளிவைத்தார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தான். காய்ச்சல் உன்னுடையது என்று இரண்டு ஊருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நீ கொஞ்சம் அமைதியாகிவிட்டாய். கூட்டம் கூட்டவில்லை. ஒருநாள் நான் “சாட்சி எப்படி இருக்குது?” என்று சீண்டினேன். நீ சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இருக்குது, இருக்குது” என்றாய். அந்தப் பார்வையை நான் அப்போது படிக்கவில்லை. அடுத்தவர் படிக்காததைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு வியாழக்கிழமை காலை அம்மா போன் செய்தார். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான் என்றார். நான் வருவதற்குள் மூச்சு அடங்கி, உன்னைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வாயோரத்தில் பற்பசை நுரை காய்ந்திருந்தது. பெரிய கம்பெனி நுரை. இந்த நினைப்பு எனக்கு அந்த நேரத்தில் வந்தது. வந்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அஞ்சலை மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தாள். வேலைத்தலத்திலிருந்து நேராக. வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உன் காலடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் பாதங்களைப் பார்த்தேன். வெளுத்து, ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தன. குளத்தில் ஒரு நாள் கிடந்த காகிதம்போல இருந்தது தோல். ஏழு வருடம் அவள் பீரைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதினீர்கள். ஆரஞ்சுத் தோல் என்றீர்கள், ஈரமண் என்றீர்கள். ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதவில்லை. நானும்தான்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஐந்து மாதமாகப் பேசாத அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பேசவைத்திருக்கக்கூடிய காகிதம் என் அலமாரியில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டுரையைக் கிழித்துப்போடவில்லை. அதெல்லாம் கதைகளில் நடக்கும். அது மூன்றாவது பத்தியோடு அப்படியே கிடந்தது.

ஆறு மாதம் போயிற்று. அம்மாதான் திரும்பவும் காதுகுத்தை எடுத்தார். “வருசம் திரும்பட்டுமே” என்றவர்களிடம், “அவன் ஒத்துகினது, நடத்திடணும்” என்றார். ஒத்துகினானா, எப்போது என்று நான் யோசித்தேன். துக்கத்தில் இருக்கிறவரின் வார்த்தை என்று விட்டுவிட்டேன்.

முந்தாநாள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் அந்தக் கோயில். வேப்பமரத்தடியில் ஆசாரி கரித்துண்டில் ஊசியைச் சுட்டுக்கொண்டிருந்தார். மணையில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது, அஞ்சலை என்னைக் காட்டினாள்.

“பங்காளி புள்ளைங்க நாங்க நாலு பேரு நிக்கறோம். வெளியாளா?” என்றார் உன் பெரியப்பா மகன்.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என் புள்ள இருந்தா இவன் இல்லாம வந்திருப்பானா? நீ உட்காருப்பா.”

உட்கார்ந்தேன். உன் மருமகனை என் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. முதல் ஊசிக்கு அவன் அழவில்லை, திகைத்து என்னைப் பார்த்தான். இரண்டாவதுக்கு ஊர் கேட்கும்படி அழுதான். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்த பிறகு, அஞ்சலை கூடையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

“அடியே, சாமி எதுருல பாட்டில வெளிய எடுக்காதடி!” என்றார் அம்மா தூரத்திலிருந்து.

“ஜூஸுமா,” என்றாள் அவள். என்னிடம் நீட்டினாள். “உங்களுக்குண்ணா. அண்ணன் ரூம்ல இருந்துது. அம்மா தென்னமரத்துல ஊத்தறன்னுச்சு. நான்தான் வாங்கியாந்தேன்.”

உன் சாட்சி. பட்டையைப் படித்தேன். பிறகு நீ பழக்கியபடி தேதிக்காகத் திருப்பினேன்.

தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாய். ஒரு வட்டமில்லை, மூன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, காகிதம் கிழிகிற அளவுக்கு.

“அவனுக்குத் தெரியுமா?” என்றேன். 

“ஞாயித்துக்கெழம போன் பண்ணிச்சுண்ணா. அது போறதுக்கு நாலு நாள் முன்னாடி. எடுத்ததும், ‘அந்த சோளத்த நீயே உன் கையால போட்டியா?’ன்னுச்சு. எனக்கு அழுகையா வந்துது. சோளமே போடலண்ணான்னேன். ‘தெரியும். ரெண்டு மாசம் முன்னாடியே தேதி பாத்துட்டேன். போன் பண்ண மூஞ்சி இல்ல’ன்னுச்சு. அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, பக்கத்துல வேல செய்றவங்க ஓடியாந்துட்டாங்க. ‘நாள் குறி, மடி ரெடி’ன்னுச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காலு எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சுண்ணா.”

என் மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த வருசம் நெசமாவே சாமைய பாதியா கொறைக்கப் போறாங்கண்ணா. சோளந்தான். அண்ணன் சொன்னது சரிதான். பாட்டிலுதான் தப்பு.”

“என்கிட்ட ஏன் சொல்லல அவன்?”

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. ‘அவன் எழுதிப்புடுவான். ஊரே சிரிக்கும்’னுச்சு. இப்ப மடி குடுத்தவருகிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். எனக்கும் தெரியும், நீ பார்ப்பதற்கு முன்பே தெரியும், அகராதிக்குள் வைத்திருந்தேன் என்று அந்த வேப்பமரத்தடியில் சொல்லவில்லை. “சாப்பிடப் போலாம்மா” என்றேன்.

இரண்டு மாதம் நீ போன் செய்யாமல் தவித்தது அவளிடம் வெட்கப்பட்டு. என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மறுநாளே உன்னை வண்டியில் ஏற்றி ஓசூர் கூட்டிப் போயிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ என்னைச் சரியாகவே எடைபோட்டிருந்தாய். நாம் மாடியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தேதியை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்திருந்தோம். நீ என் பேனாவுக்குப் பயந்து. நான் அந்தப் பேனாவுக்காக.

நீ பயந்தபடியே எழுதிவிட்டேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. இதை முதலில் அனுப்பப்போவது பத்திரிகைக்கு இல்லை, அஞ்சலைக்கு. அகராதியிலிருந்த லேபிளையும் சேர்த்துத்தான். படித்தபின் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் அது நியாயம். இனி என்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைக்கிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் இதை மறைத்துக்கொண்டு இருக்க முடியாது.

பாட்டிலைத் திறக்க மாட்டேன். நீ சொன்ன கணக்குப்படி அது திரிந்து வெகுநாள் ஆகியிருக்கும். மேசையில் தேதிப்பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

என் இடது மணிக்கட்டில் சின்ன நகம் நாலு பதிந்த தடம் இருக்கிறது. நேற்று சிவப்பாக இருந்தது, இன்று பழுப்பாகிவிட்டது, நாளைக்குள் போய்விடும். ஊசி இறங்கியபோது உன் மருமகன் பிடித்த பிடி. உனக்கு வர வேண்டியது, என்னிடம் வந்துவிட்டது.